வோல்வோ வேகனா, புதிய அல்சாவா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

4 அக்டோபர் 2025: கேள்வி

அப்பா சுங்கை சிப்புட்டில் மணவறை அலங்காரத் தொழில் செய்கிறார். தூண்கள், குத்துவிளக்குகள், துணிச் சுருள்கள், வாழைக்கன்றுகள் என எல்லாவற்றையும் ஏற்றிச் சென்ற வேன் இனிமேல் பழுது பார்க்கவும் தகுதியற்றது என்று பட்டறைக்காரர் கூறிவிட்டார். ஈப்போவில் ஒரு மருத்துவர் தமது 2006-ஆம் ஆண்டு வோல்வோ வி70 வேகனை, அதாவது கூரை பின்கதவு வரை நீளும் காரை, 17,000 ரிங்கிட்டுக்கு விற்கிறார். 2.5 லிட்டர் டர்போ, தோல் இருக்கைகள், ஒரே உரிமையாளர். அப்பாவுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. நானோ ஏழு பேர் அமரும் புதிய பெரோடுவா அல்சாவைத் தவணையில் எடுக்கலாம் என்கிறேன். “வோல்வோவில் போய் இறங்கினால் மணவறைக்கு ஐந்நூறு கூடுதலாகக் கேட்கலாம்” என்பது அப்பாவின் வாதம். அனுபவமுள்ளவர்கள் எதை எடுக்கச் சொல்வீர்கள்?

5 அக்டோபர் 2025

வேகனை எடுக்கலாம் என்றே எனக்கு முதலில் தோன்றுகிறது. அதற்குக் காரணம் வோல்வோ என்ற பெயர் அன்று. பின்கதவைத் திறந்ததும் தெரிகிற அந்தத் தரைதான். வேகனின் சரக்குத் தரை தாழ்வாக இருக்கும். பின்னிருக்கையை மடக்கினால் முன்னிருக்கையின் முதுகு வரை ஒரே சமமாக நீளும். கனமான குத்துவிளக்கை மார்பளவு தூக்க வேண்டியதில்லை, விளிம்பில் வைத்துத் தள்ளினால் போதும். கூரையும் தாழ்வானது என்பதால் ஏணியில்லாமல் தூண்களை மேலே கட்டலாம். வி70-இன் கூரை நூறு கிலோ வரை தாங்கும். உயரமான வண்டியின் கூரையில் ஒரு தூணைக் கட்டிப் பார்த்தவருக்குத்தான் இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

நானும் பல ஆண்டுகள் ஓர் ஐரோப்பிய வேகன் வைத்திருந்தேன். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே வேண்டாம். தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்கு என் சித்தப்பாவின் உருமி மேளக் குழுவின் வாத்தியங்கள் அதில்தான் போகும். லோரியில் தார்ப்பாய் போட்டு ஏற்றினால் இரவு ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். கோயில் வாசலில் இறங்கியவுடன் காகிதத்தைக் கொளுத்தி வாட்டியாக வேண்டும். வேகனுக்குள் குளிர்சாதனம் ஈரத்தை இழுத்துவிடுவதால், இறக்கிய கையோடு அடிக்கத் தொடங்கலாம். உருமியின் வளைந்த குச்சி மட்டும் இருக்கை இடுக்கில் விழுந்து தொலைந்துபோகும். அதைத் தேடுவதற்கென்றே குழுவில் ஒரு பையன் இருந்தான்.

எண்களைக் கேட்டீர்களானால், அந்தத் தலைமுறை வி70-இல் இருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது 485 லிட்டர் இடம். புதிய அல்சாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் 137, மூன்றாம் வரிசையை மடக்கினால் 498, இரண்டாம் வரிசையையும் மடக்கினால் 830 லிட்டர். ஆக, ஐந்து பேர் அமரும் நிலையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் லிட்டர் கணக்கு நீரை ஊற்றுபவனுக்குத்தான் பயன்படும். உங்களிடம் இருப்பவை தூண்கள். மிக நீளமான தூணை அளந்து சொல்லுங்கள்.

5 அக்டோபர் 2025, இரவு

“பழைய ஐரோப்பிய வண்டி பணத்தை விழுங்கும்” என்று மூவர் எழுதிவிட்டார்கள். விழுங்குமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் தந்தை தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். எண்ணைப் பார்க்காமல் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

அல்சாவின் நடுத்தர வகையான எச், 2022 ஜூலையில் அறிமுகமானபோது காப்புறுதி நீங்கலாக 68,000 ரிங்கிட். பத்து விழுக்காடு முன்பணம் 6,800 போக, கடன் 61,200. ஆண்டுக்கு மூன்று விழுக்காடு நிலையான வட்டி, ஒன்பது ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 720 ரிங்கிட் வரும்.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். வோல்வோ லிட்டருக்குப் பத்து, அல்சா லிட்டருக்குப் பதினைந்து. பெரோடுவா 22 என்கிறது. மணவறையை ஏற்றிக்கொண்டு பழைய ஈப்போ சாலையில் விளக்குக்கு விளக்கு நிற்பவருக்கு அது கிடைக்காது. சென்ற வாரம் தொடங்கிய புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் விலையான 1.99 ரிங்கிட்டில் வோல்வோவுக்கு 199, அல்சாவுக்கு 133. வேறுபாடு 66 ரிங்கிட்தான். அந்த டர்போவுக்கு 97 ஆக்டேன் பெட்ரோல் போட்டே ஆக வேண்டும் என்பது பெருமைக்குச் சொல்லுகிற பேச்சு. 95 போட்டே ஓட்டலாம், நூறு லிட்டரும் மாத ஒதுக்கீட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

சாலை வரியில் மாதத்துக்கு இன்னும் ஓர் எழுபது சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் வோல்வோக்காரர் கையில் மாதம் 580 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம் நிற்கிறது. ஆண்டுக்கு 7,000 ரிங்கிட். அந்தத் தொகையை வேறு எதற்கும் தொடாமல் பழுதுக்கென்று ஒதுக்கி வைக்கும் ஒழுக்கம் இருந்தால், பழைய வேகன் ஊரார் சொல்லுகிற அளவுக்கு ஊதாரித்தனம் அன்று.

7 அக்டோபர் 2025

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து எழுதிய நண்பர், வேகனுக்கும் ஜீப்புக்கு விதிக்கிற சாலை வரிதான் என்கிறார். அப்படி இல்லை. தீபகற்பத்தில் தனியார் வண்டிகளுக்கு இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. செடான், ஹேட்ச்பேக், வேகன் ஆகியவை ஒன்றில். எம்பிவி (அல்சா போன்ற பலர் அமரும் குடும்ப வண்டி), ஜீப், பிக்அப் ஆகியவை மற்றொன்றில். இரண்டு லிட்டர், அதாவது 1,998 சிசி இயந்திரம் என்றால் வேகனுக்கு 379 ரிங்கிட், ஜீப்புக்கு 439 ரிங்கிட் 20 சென். வேகனுக்குத்தான் மலிவு.

ஆனால் தம்பி கேட்ட வண்டியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2.5 என்று எழுதப்பட்டிருக்கும் அந்த டர்போ இயந்திரத்தின் உண்மையான கொள்ளளவு 2,521 சிசி. வரி அட்டவணையின் வரம்பு 2,500-இல் முடிகிறது. முதல் 2,500-க்கு 880 ரிங்கிட். அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் இரண்டரை ரிங்கிட். மீதமுள்ள 21 சிசிக்காக 52 ரிங்கிட் 50 சென் கூடி, மொத்தம் 932 ரிங்கிட் 50 சென் ஆகிறது. இதே இயந்திரம் ஜீப் வகையில் பதிவான வண்டியில் இருந்தால் 873 ரிங்கிட் 60 சென்தான். 2,300 சிசியில் இரண்டு அட்டவணைகளும் ஒரே தொகையைக் காட்டும். அதற்குக் கீழே வேகனுக்கு ஆதாயம், மேலே ஜீப்புக்கு ஆதாயம். அல்சாவுக்கு எப்படிப் பார்த்தாலும் 120 ரிங்கிட்டைத் தாண்டாது.

8 அக்டோபர் 2025

அப்பா சொல்லுகிற ஐந்நூறு ரிங்கிட்டைப் பற்றி: பெண் வீட்டார் மண்டபத்தின் முன்வாசலில் நிற்பார்கள், மணவறைக்காரர் பின்வாசலில் சமையலறை பக்கம் வண்டியை நிறுத்துவார். வோல்வோவைப் பார்த்து வியக்கப்போகிறவர் தேங்காய் துருவுகிற அம்மாதான். அவர் ஐந்நூறு கொடுக்கப்போவதில்லை.

11 அக்டோபர் 2025

தம்பி இன்று காலை எழுதியதைப் படித்த பிறகு என் நிலைப்பாடு மாறுகிறது. அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் இரத்தச் சுத்திகரிப்பு; வீட்டில் வேறு கார் இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் மட்டுமே. இதை முதல் கேள்வியிலேயே எழுதியிருந்தால் லிட்டர் கணக்கில் இவ்வளவு நேரம் போயிருக்காது. மணவறை ஒரு முகூர்த்தம் தவறினால் பணம் போகும், பெயர் போகும். லோரியை வாடகைக்குப் பிடித்தாவது சமாளிக்கலாம். டயாலிசிஸ் ஒரு தவணை தவறினால் நீரும் உப்பும் உடம்பிலேயே தங்கும். மூச்சு வாங்கத் தொடங்கினால் இரவோடு இரவாக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியிருக்கும்.

நான் வேகன் வைத்திருந்த காலத்தில் ஒருமுறை இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்க்குழாயின் ஞெகிழி இணைப்பு ஒன்று உடைந்தது. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், விலையும் பெரிதில்லை. ஊர்ப் பட்டறைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதற்கு நான் என்ன செய்ய?” என்றார். கோலாலம்பூரில் ஒரு கடையில் இருப்பதாகச் சொன்னார்கள், அனுப்பினார்கள், வந்தது வேறு ஆண்டு வண்டிக்குரியது. மறுபடியும் அனுப்பினார்கள். அதுவரை வண்டி பட்டறையின் பின்புறம் பலா மரத்தடியில் நின்றது. அந்த இடைவெளியில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஏனென்றால் மனைவியிடம் பெரோடுவாவின் கஞ்சில் என்ற சிறிய கார் ஒன்று இருந்தது. வேகனின் கௌரவத்தை அந்தக் காலமெல்லாம் காப்பாற்றியது அந்தக் கஞ்சில்தான் என்பதை இப்போது எழுதும்போது உணர்கிறேன்.

பெரோடுவாவின் உதிரிபாகம் சுங்கை சிப்புட்டிலேயே கிடைக்கும், இல்லையென்றால் மதியத்துக்குள் ஈப்போவிலிருந்து வந்து சேரும். பழுதின் விலையைவிடப் பழுதின் நாட்கள்தான் உங்கள் வீட்டில் கணக்கு. ஆகவே வீட்டில் ஒரே வண்டி என்றால் அல்சா. இரண்டாவது வண்டி என்றால் வேகன்.

இன்னொன்று. சுத்திகரிப்பு முடிந்து வருபவருக்குக் கால் தளர்ந்திருக்கும், இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும். வோல்வோவின் இருக்கை முதுகுக்கு மிக நல்லது. நெடும்பயணத்தில் அதற்கு இணை குறைவு. ஆனால் அது தாழ்வானது. அதிலிருந்து எழும்போது முழங்காலால் உடலைத் தூக்க வேண்டும். அல்சாவில் இருக்கை இடுப்புக்கு நெருக்கமான உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டில் திரும்பிக் காலைத் தரையில் ஊன்றினால் போதும். அம்மாவை அழைத்துச் சென்று இரண்டு வண்டிகளிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள்; விற்பனையாளர் காத்திருக்கட்டும்.

12 அக்டோபர் 2025

“அப்படியானால் அந்த வோல்வோ குப்பையா?” என்று கோபமாக ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நல்ல நிலையில் கிடைத்தால் மிக நல்ல வண்டி. இரண்டாவது வண்டியாக வாங்க நினைப்பவருக்காகச் சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

இயந்திரம் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அதன் மேல் ஓர் இரப்பர் கையுறையை மாட்டுங்கள். கையுறை உள்ளே உறிஞ்சப்பட்டால் நல்லது. விரல்கள் ஊதிப் பெருத்து எழுந்து நின்றால், இயந்திரத்தின் அடிவயிற்றுக் காற்றை வெளியேற்றும் வழி எண்ணெய்க் கசடால் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்ய உட்கொள் குழாய்த் தொகுப்பையே கழற்ற வேண்டும், கூலிதான் அதிகம். அடைப்பை அப்படியே விட்டால் உள்ளழுத்தம் எண்ணெய்த் தடுப்பு வளையங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சீட்டு கேளுங்கள், வாய்ச்சொல் போதாது. அந்த ஐந்து சிலிண்டர் இயந்திரத்தில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அல்சாவின் 1,496 சிசி இயந்திரத்தில் இருப்பது சங்கிலி, அந்தக் கவலை இல்லை.

தானியங்கி கியர்ப்பெட்டி ஜப்பானிய ஐசின் நிறுவனத்துடையது. அதற்கு ஜேடபிள்யூஎஸ் 3309 தரத்து எண்ணெய் ஊற்ற வேண்டும். டொயோட்டா கடையில் டி-ஐவி என்று கேட்டால் கிடைப்பதும் அதே தரம்தான். “எல்லா வண்டிக்கும் பொருந்தும்” என்று பீப்பாயிலிருந்து ஊற்றும் எண்ணெயை விட வேண்டாம்.

மணவறைக்காரர் கட்டாயம் பார்க்க வேண்டியது பின்சக்கர அதிர்வுத் தாங்கிகளை. சில வேகன்களில் பாரத்துக்கேற்பத் தானாகவே உயர்கிற நிவோமேட் என்ற வகை பொருத்தப்பட்டிருக்கும். அதன் விலையைப் பார்த்து அஞ்சி, பட்டறைக்காரர்கள் சாதாரணத் தாங்கியை மாட்டிவிடுவார்கள். ஆனால் நிவோமேட்டுடன் வரும் சுருள்வில் மென்மையானது. பாரத்தைத் தாங்கும் வேலையில் ஒரு பகுதியைத் தாங்கிதான் செய்துகொண்டிருந்தது. வில்லை மாற்றாமல் தாங்கியை மட்டும் மாற்றினால், நான்கு தூண்களை ஏற்றியதும் வண்டி பின்னால் படுத்துவிடும், முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. அரிசி மூட்டை சிலவற்றைப் பின்னால் போட்டுப் பாருங்கள்.

15 அக்டோபர் 2025

கௌரவம் பற்றிய பேச்சு நீள்வதால் ஒரு சிறு குறிப்பு. வோல்வோ கார்கள் 1967 முதல் ஷா ஆலமில் பொருத்தப்பட்டு வருகின்றன. அதனால்தான் நம் நாட்டில் அது முழு இறக்குமதி வண்டிகளைப் போல எட்டாத உயரத்திலும் இல்லை, எல்லோர் வீட்டு வாசலிலும் இல்லை. மருத்துவர், வழக்கறிஞர், தோட்டத்து துரை ஆகியோரின் வண்டியாக நடுவில் நின்றது. எங்கள் தோட்டத்தில் துரையின் வண்டி செம்மண் சாலையில் வருவதைப் புழுதியின் உயரத்தை வைத்தே சொல்லுவார்கள். கிராணிக்கு மோட்டார் சைக்கிள், மண்டோருக்குச் சைக்கிள். 1985-இல் புரோட்டோன் சாகா வந்த பிறகுதான் லயத்து வீட்டு வாசலில் புதுக் கார் நிற்கலாம் என்ற எண்ணமே பலருக்குப் பிறந்தது. உங்கள் அப்பாவின் வயதை நான் அறியேன். ஆனால் வோல்வோவைப் பார்க்கும்போது அவர் பார்ப்பது காரை மட்டும் அன்று என்று நினைக்கிறேன். அதை ஏளனம் செய்யாமல் பேசுங்கள்.

கௌரவத்துக்கு விலை எவ்வளவு என்று அறிய ஐரோப்பா வரை போகவும் தேவையில்லை. அல்சாவும் டொயோட்டா வெலோஸும் ஒரே தளத்தில் பிறந்தவை, இயந்திரமும் ஒன்றே. 2022-இல் அல்சாவின் உயர்ந்த வகை 75,500 ரிங்கிட், வெலோஸ் 95,000 ரிங்கிட். சில வசதிகள் கூடுதலாக இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். 19,500 ரிங்கிட்டுக்கு இருக்கின்றனவா என்பதை வாங்கியவர்களிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

19 அக்டோபர் 2025

நாளை தீபாவளி, முறுக்கு சுடும் இடத்தில் என்னைத் தேடுகிறார்கள். நிசான் ஏடி ரிசோர்ட் வாங்கச் சொன்ன கம்பார் நண்பருக்கு மட்டும் பதில். தொண்ணூறுகளில் மலிவான, உண்மையான வேகன் அதுதான், 1.6 இயந்திரத்துக்குச் சாலை வரி 90 ரிங்கிட், எந்தப் பட்டறையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும். காய்கறிக்காரர்கள் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் இப்போது கிடைப்பவற்றில் பின்சக்கர வளைவுக்கு மேலே தகரம் துருவேறியிருக்கும். காற்றுப்பைகளை எதிர்பார்க்க வேண்டாம். காய்கறிக்கு அது போதும். நோயாளியை ஏற்றிக்கொண்டு கூட்டரசு முதலாம் சாலையில் லோரிகளுக்கு நடுவே போக நான் சொல்லமாட்டேன்.

26 அக்டோபர் 2025

தம்பியின் செயலைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஐந்தரை அடித் தூண் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு காட்சிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். விற்பனைப் பெண்மணி முதலில் சற்றுத் தயங்கினாராம். பிறகு அவரே ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். இரண்டாம் வரிசையின் இடப்பக்கத்தை மடக்கி, முன்னாலிருக்கும் பயணி இருக்கையைச் சற்று நகர்த்தினால் தூண் உள்ளே போகிறது, கதவும் மூடுகிறது. அந்த நிலையில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் வசதியாக அமரலாம். ஆறு தூண்களை அப்படி அடுக்க முடியுமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. என் மதிப்பில் நான்கு போகும், இரண்டு கூரைக்கு. இதில் எனக்கு ஒரு கவலை உண்டு: தூணின் உலோக அடிப்பகுதி முன்னிருக்கையின் முதுகைப் பார்த்திருந்தால், திடீரென்று பிரேக் அடிக்கும்போது அது உள்ளே குத்தும். அடிப்பகுதி பின்கதவுப் பக்கம் இருக்கட்டும், இரண்டு இடத்தில் பட்டை போட்டுக் கட்டுங்கள். வேகனிலும் இதே விதிதான்.

அம்மா இரண்டு வண்டிகளிலும் ஏறிப் பார்த்தார் என்றும், வோல்வோவில் உட்கார்ந்ததும் “இதிலேயே தூங்கிவிடுவேன்” என்றார் என்றும், இறங்கும்போது இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது என்றும் எழுதியிருக்கிறார். இதற்குமேல் என்ன சோதனை வேண்டும்?

2 நவம்பர் 2025

பினாங்கு நண்பர் நான் 5-ஆம் தேதி போட்ட கணக்கைத் தொடர்ந்து ஒன்று கேட்கிறார்: தவணை முழுவதும் செலவு ஆகிவிடுமா, கடைசியில் அல்சா கையில் நிற்குமே? நியாயமான கேள்வி. அன்றைய கணக்கு மாதந்தோறும் கையை விட்டுப் போகும் பணத்தைக் காட்டியது. ஒன்பது ஆண்டுகளின் மொத்தத்தைப் பார்த்தால் காட்சி மாறுகிறது.

முன்பணமும் தவணையும் சேர்ந்து அல்சாவுக்கு 84,500 ரிங்கிட் ஆகும். ஒன்பது ஆண்டுக்குப் பின் அது 25,000-க்கு விலைபோனால் உண்மைச் செலவு ஏறத்தாழ 59,500; மாதத்துக்கு 551. வோல்வோ 17,000-க்கு வாங்கி 5,000-க்கு விற்கப்பட்டால் மாதத்துக்கு 111. பெட்ரோல், சாலை வரி வேறுபாட்டைச் சேர்த்தால் 245. ஆக மிச்சம் 306 ரிங்கிட், ஆண்டுக்கு 3,700 போல. இருபது வயதை நெருங்கும் வண்டிக்கு இது தாராளமான தொகை அன்று. ஒரு கியர்ப்பெட்டி அல்லது குளிர்சாதனத்தின் முழுப் பழுது வந்தால் அந்த ஆண்டு கணக்கு முடிந்தது. விற்பனை விலைகள் என் ஊகம்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பெரிதாகச் சாயாது. இரண்டும் பணத்தில் கிட்டத்தட்டச் சமம் என்பதால்தான் நாட்களின் கணக்கு முன்னுக்கு வருகிறது.

காப்புறுதியையும் மறக்க வேண்டாம். பதினைந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு முழுக் காப்புறுதி தரப் பல நிறுவனங்கள் தயங்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நின்றுவிடும். அப்படியென்றால் யாரோ தூக்கிக்கொண்டு போனாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் 17,000 ரிங்கிட் போனது போனதுதான். வங்கிக் கடனும் அந்த வயது வண்டிக்கு எளிதில் கிடைக்காது; சேமிப்பை ஒரேயடியாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். வாரத்தில் மூன்று நாள் மருத்துவச் செலவுள்ள வீட்டில் ரொக்கம் கையில் இருப்பதே ஒரு காப்புறுதி.

பழைய வேனின் காப்புறுதியில் அப்பாவுக்குச் சேர்ந்திருக்கும் கோரிக்கையில்லாக் கழிவை (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடியை) புதிய வண்டிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வேன் வணிக வண்டியாகப் பதிவாகியிருந்தால் விழுக்காடு வேறு. தனியார் வண்டி என்றால் 55 விழுக்காடு வரை போகும், முதல் ஆண்டுச் சந்தாவில் அது பெரிய தொகை. அப்பா பெயரிலேயே வாங்கினால்தான் இது நடக்கும். உங்கள் பெயரில் வாங்கினால் நீங்கள் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

9 நவம்பர் 2025

அப்பா சம்மதித்துவிட்டார் என்று தம்பி எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனையாம்: அல்சாவில் உயர்ந்த வகையான ஏவி-தான் வேண்டும், வெளிப்புற அலங்காரம் எடுப்பாக இருக்கிறதாம். அறிமுக விலைப்படி எச்-க்கும் ஏவி-க்கும் 7,500 ரிங்கிட் வேறுபாடு. என்னைக் கேட்டால் எச் போதும். ஆயினும் வோல்வோவை விட்டுக்கொடுத்த மனிதர் 7,500-க்கு ஓர் ஆசையை வைத்துக்கொள்ளட்டும் என்றும் தோன்றுகிறது. அப்படி எடுப்பதானால் மூன்றாம் வரிசையை மடக்கிய இடத்தில் போடுவதற்கு முக்கால் அங்குலப் பலகையை வண்டி வந்த அன்றே அறுத்து, மேலே இரப்பர் விரிப்பு ஒட்டிவிடுங்கள். குத்துவிளக்கின் அடித்தட்டு இருக்கையின் முதுகுத் துணியை ஒரே முகூர்த்தத்தில் கிழித்துவிடும். கூரைக் கம்பிகளை வண்டி வாங்கும் இடத்தில் அவர்கள் சொல்லுகிற விலைக்கு ஏற்றுக்கொள்ளாமல், எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டில் பார்த்த பிறகு ஈப்போவில் விசாரியுங்கள்.

மருத்துவரின் வோல்வோ இன்னும் விற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கையுறை ஊதியதா, உறிஞ்சியதா என்று யாராவது பார்த்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். வீட்டில் கஞ்சில் இன்னும் இருக்கிறது.